நாய்க்குப் போட்ட ஈரல்

ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவர்கள் எழுதியதைக் கொஞ்சம் படித்திருக்கிறேன். முதல் பத்தியிலேயே டாக்டர்களுக்கும் தெய்வத்துக்கும் நன்றி சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. என் ஈரலுக்குள் ஒரு புழு பல வருஷம் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. அதை வெளியே எடுத்த தழும்பு விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு இருக்கிறது, இருமினால் இன்னும் சுண்டி இழுக்கிறது. எனக்குக் கோபம் ஆறவில்லை. யார்மேல் கோபம் என்பது மட்டும் நடுவில் மாறிப்போனது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் சுடலைமுத்து. வயது நாற்பத்தாறு. மாட்டுங்கா லேபர் கேம்பில் ஆட்டுக்கறிக் கடை. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மராட்டி பேசும் இந்த ஊருக்கு வந்து போட்ட கடை, அவருக்குப் பிறகு எனக்கு. கடைக்குப் பின்னால் ஒரு அறை, அதற்குள் ஏணி வைத்து ஏறுகிற ஒரு பலகைத் தட்டு. நான், மனைவி பேச்சியம்மா, மகள் சுபா மூவரும் அதில்தான் இருக்கிறோம். சுபாவுக்குப் பன்னிரண்டு வயது. மேல் மாடியில் சரோஜா அக்கா. ஏதோ ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவள், தனிக்கட்டை, சாயங்காலமானால் தெரு நாய்களுக்குச் சோறு வைப்பாள். அவளைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

எங்கள் கடையில் நாய் இல்லாத நாளே கிடையாது. நான் சொல்லப்போவது மூன்றாவது. மூன்றுக்கும் மணி என்றுதான் பெயர், வேறு பெயர் யோசிக்க எங்களுக்கு நேரம் இருந்ததில்லை. கறி வெட்டும் கட்டைக்கு அந்தப் பக்கம் அதற்கென்று ஓர் இடம். அங்கேதான் உட்காரும், என் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

கறிக்கடைக்காரனுக்குக் காலையில் முதல் வேலை ஈரல் பார்ப்பது. கலேஜி என்று கேட்டு ஈரல் வாங்க வருகிறவர்கள் பெண் பார்க்க வந்தவர்கள்போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். சில ஈரலில் வெள்ளையாக நீர்க்கொப்புளம் இருக்கும், சுண்டைக்காய் அளவும் இருக்கும், எலுமிச்சை அளவும் இருக்கும். அதைக் கண்டால் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள், அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் கடை திறப்பதற்கு முன்பே கத்தி முனையால் சுற்றிலும் வட்டம் போட்டு, உடையாமல் பெயர்த்து எடுத்துவிட வேண்டும். எடுத்ததைக் கட்டைக்குக் கீழே விட்டெறிந்தால் மணி தரையில் விழ விடாமல் கவ்விக்கொள்ளும். அப்பா காலத்திலிருந்து இதுதான் வழக்கம். முப்பது வருஷத்தில் ஒரு கொப்புளத்தைக்கூட வாடிக்கைக்காரர் பையில் போட்டதில்லை என்று எனக்கு ஒரு திமிர் உண்டு.

ஸ்கூல் விட்டு வந்தால் சுபாவுக்கு மணிதான் உலகம். கோணிமேல் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொள்வாள், தன் ரிப்பனை அதன் கழுத்தில் கட்டுவாள், பிஸ்கட்டைக் கடித்து மிச்சத்தை அதன் வாயில் வைப்பாள். கையைக் கழுவு என்று பேச்சியம்மா அடுக்களையிலிருந்து கத்துவாள். பிள்ளையை விடு என்று நான் அதட்டுவேன். அந்தக் காட்சி எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

வலி வந்தது வலது விலாவுக்குக் கீழே. குனிந்து வெட்டும்போது உள்ளே ஏதோ முட்டுக்கொடுத்து நிற்கிற மாதிரி இருக்கும். சந்து முனையில் இருக்கும் டாக்டர் வாயு, கேஸ் என்றார். எட்டு மாதம் கேஸ் மாத்திரை கொடுத்தார். வாயைக் கட்டு, நெய்யைத் தொடாதே, காரம் குறை, டீ குறை என்றார். நான் டீயையும் குறைத்தேன், சண்டையையும் குறைத்தேன், வலி குறையவில்லை. பிறகு ஒருநாள் முழு ஆட்டைத் தோளில் தூக்கிக் கொக்கியில் மாட்டியபோது வயிற்றில் சுரீர் என்றது. கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, அரிப்பு தாங்காமல் சட்டையைக் கழற்றி எறிந்தேன். பேச்சியம்மா என்னைக் கேட்கவே இல்லை, கடையைச் சாத்தி டாக்ஸி பிடித்துவிட்டாள்.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர். வயிற்றில் ஜில்லென்று பசையைத் தடவி உருட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். பக்கத்து அறையிலிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் என் வயிற்றைப் பற்றி இங்கிலீஷில் பேசினார்கள். என்ன என்று கேட்டேன். டாக்டர் சொல்வார் என்றார்கள். படம் எடுத்தவனுக்குத் தெரியும், பணம் கட்டியவனுக்குத் தெரியக்கூடாதா என்று அங்கேயே ஒரு சண்டை போட்டேன். அப்புறம்தான் சொன்னார்கள், ஈரலில் தேங்காய் மாதிரி ஒரு நீர்க்கட்டி, அதன் பெயர் ஹைடாடிட்.

பெரிய ஆஸ்பத்திரியில் கேஸ் பேப்பர் என்கிற நோயாளிச் சீட்டு எடுக்க ஒரு வரிசை, அதில் முத்திரை குத்த ஒரு வரிசை, டாக்டர் கதவுக்கு வெளியே ஒரு வரிசை. மூன்றிலும் நின்று உள்ளே போனால் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இது நாயிடமிருந்து வருகிற புழு, வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்டார். கடையில் ஒன்று, தெருவில் இருபது என்றேன். புழுவின் முட்டை நாயின் மலத்தில் வரும், கண்ணுக்குத் தெரியாது, நாயின் முடியில் ஒட்டியிருக்கும், மண்ணில், கையில், பச்சைக் காய்கறியில் இருக்கும், வாய்வழியே உள்ளே போனால் ஈரலில் தங்கிக் கட்டியாக வளரும், பத்துப் பதினைந்து வருஷம்கூட ஆகும் என்றார். பக்கத்தில் நிற்பவர்களுக்கு என்னிடமிருந்து ஒட்டாது என்றும் சொன்னார்.

எனக்கு அப்போது என் ஈரல் ஞாபகமே இல்லை. மடியில் நாயின் தலையை வைத்துக்கொண்டு பிஸ்கட் தின்கிற பிள்ளைதான் கண்முன் வந்தாள். பிள்ளைக்கு வந்திருக்குமா என்று கேட்டேன். வீட்டில் எல்லோருக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் எடுக்கவில்லை. அதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். பேச்சியம்மா தினமும் கேட்டாள், முதலில் என் ஆபரேஷன் முடியட்டும் என்று தள்ளினேன். உண்மையில் பயம். என் வயிற்றில் இருந்தால் கத்தி வைத்து எடுத்துக்கொள்ளலாம். சுபா வயிற்றில் இருக்கிறது என்று ஒருத்தன் சொல்லி நான் கேட்க வேண்டியிருந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. பயத்தைக் கோபமாக மாற்றிக்கொள்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை. நேராக மாடிப்படிக்குக் கீழே போய் நின்று சரோஜா அக்காவைக் கூப்பிட்டேன். சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி, அவளுடைய நாய்ப் பாசத்தால் என் ஈரல் போயிற்று, நாளைக்கு என் பிள்ளைக்கு ஒன்று என்றால் சும்மா விட மாட்டேன் என்று கத்தினேன்.

அவள் சட்டென்று உள்ளே போனாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இறங்கி வந்தாள்.

"இந்தா பாரு தம்பி. பதினோரு நாயி. மூணு மாசத்துக்கு ஒருக்க எல்லாத்துக்கும் பூச்சி மாத்திர குடுத்து தேதி போட்டு வச்சிருக்கேன். ஒம் மணிக்கு என்னைக்காவது ஒரு மாத்திர குடுத்திருக்கியா?"

"எம் மணி தெருவுல எச்சி பொறுக்குற நாயா? தெனமும் கறி திங்குற நாயி அக்கா அது."

சந்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்து உள்ளே வந்தேன். சுபாவிடம், அந்தக் கிழவி வைக்கிற சோற்றுக்கு வருகிற நாய்களால்தான் அப்பாவுக்கு நோய், இனி அவளோடு பேசக்கூடாது என்று சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் மச்சினன் கணேசனைக் கூப்பிட்டேன், அவன் டெம்போ ஓட்டுகிறான். எந்த நாயானாலும் நாய் நாய்தான், பிள்ளை பக்கத்தில் இனி இருக்கக்கூடாது, கொண்டுபோய் எங்காவது விட்டுவிடு என்றேன். சுபா ஸ்கூலுக்குப் போயிருந்தபோது மணியை ஏற்றிப் போய் வடாலாவில் மோனோரயில் தூண் ஓரமாக இறக்கிவிட்டு வந்தான். கொஞ்ச தூரம் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்தது என்று சொன்னான். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சுபா வந்து கட்டைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏணியில் ஏறிப் பலகைத் தட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை.

ஆபரேஷனுக்கு முன்பு சில வாரம் மாத்திரை சாப்பிட வேண்டும், கட்டிக்குள் இருக்கும் புழு விதைகளைச் சாகடிக்க. கொழுப்போடு சேர்ந்தால்தான் அந்த மாத்திரை உடம்பில் ஏறுமாம். எட்டு மாதம் நெய்யைத் தொடாதே என்று ஒரு டாக்டர், நெய்ச்சோற்றோடு விழுங்கு என்று இன்னொரு டாக்டர். பேச்சியம்மா இரண்டு வேளையும் நெய்யை ஊற்றிப் பிசைந்து உருட்டிக் கொடுத்தாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிக் கொடுத்ததில்லை.

அந்த நாட்களில் என்னை ஆட்டிவைத்த பயம் வேறு. கட்டி உள்ளேயே உடைந்துவிடக்கூடாது என்று எச்சரித்திருந்தார்கள். அந்தத் தண்ணீர் உடம்பில் கலந்தால் மூச்சு அடைக்கும், ரத்த அழுத்தம் விழும், ஆளே போய்விடலாம். பிழைத்தாலும் விதைகள் வயிறெங்கும் சிதறி ஒவ்வொன்றும் ஒரு கட்டியாக வளரும். ஆட்டைத் தூக்கிய அன்று வந்த தடிப்பு, அது லேசாகக் கசிந்ததால் வந்ததாம். அதற்குப் பிறகு நான் முட்டையைச் சுமப்பவன்போல நடந்தேன். தெருவில் எதிரே வருகிறவன் முழங்கை பட்டுவிடுமோ என்று வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டு, யாராவது நெருங்கினால் திட்டினேன். கிரிக்கெட் ஆடுகிற பையன்களின் பந்தை வாங்கி வைத்துக்கொண்டேன். சந்தே என்னைப் பார்த்து ஒதுங்கியது.

வார்டில் சேர்த்தபோது கட்டிலுக்கு இரண்டு பேர் என்கிற நிலைமை. எனக்குப் பக்கத்தில் படுக்கவைத்தவர் தூக்கத்தில் உதைக்கிறவர். இவருடைய கால் என் வயிற்றில் பட்டால் கொலைக் கேஸ் ஆகும் என்று நர்ஸிடம் கத்தினேன். கத்தினால் உங்கள் கட்டிதான் உடையும் என்றார் அவர், ஏறிட்டுக்கூடப் பார்க்காமல். ஆனால் மத்தியானத்துக்குள் ஓரமாக ஒரு தனிக் கட்டில் கிடைத்தது. ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், குகைக்குள் தள்ளுவதுபோல ஒரு மெஷினுக்குள் தள்ளி மூச்சை அடக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு சீட்டு, ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு கவுன்டர். பேச்சியம்மா காலையில் கணேசனை வைத்துக் கடையைத் திறந்து, கறி வெட்டி முடித்ததும் சோற்றுத் தூக்கோடு ஓடிவருவாள். அவள் சேலையில் கறி வாடை இருக்கும். பக்கத்துக் கட்டில்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். எனக்கு அந்த வாடை வந்தால்தான் மூச்சே சீராகும்.

ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றபோது வந்தவர் யார் தெரியுமா? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எலும்பை அதிகம் போட்டுவிட்டாய் என்று என்னோடு மல்லுக்கு நிற்கும் வாடிக்கைக்காரர். கொடுத்துவிட்டு வந்து, இதில் எலும்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சிரித்தால் உடைந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பேச்சியம்மா ஒரு காகிதம் கொடுத்தாள். சுபா எழுதியது. அவளுக்குத் தமிழ் எழுத்து வராது. தமிழை இந்தி எழுத்தில்தான் எழுதுவாள். தைரியமாக இருங்கள் அப்பா என்று இருக்கும் என்று நினைத்துப் பிரித்தேன். மணி எங்கே என்று மட்டும் இருந்தது. ஆரம்பத்தில் அப்பா என்றுகூட எழுதவில்லை. மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். மயக்க ஊசி போடுகிற வரைக்கும் அந்த இரண்டு வார்த்தைகள்தான் மண்டைக்குள் இருந்தன.

உள்ளே என்ன செய்தார்கள் என்பதைப் பிறகு சொன்னார்கள். வயிற்றைத் திறந்து, கட்டியைச் சுற்றி உப்புக் கரைசலில் நனைத்த துணிகளை அடுக்கி, ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாமல் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, பிறகு உள்தோலை உரித்திருக்கிறார்கள். அந்த அளவு உப்பு அந்த விதைகளுக்கு ஆகாதாம். கண் விழித்தபோது விலாவில் ஒரு குழாய் தொங்கியது. தாகம் உயிரை எடுத்தது. தண்ணீர் கேட்டதற்குப் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார்கள். அவர்களை எந்த மொழியில் திட்டினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. மூன்று மொழியிலும் என்கிறாள் பேச்சியம்மா.

மூன்றாம் நாள் ஒரு இளம் டாக்டரம்மா வந்தார். மராட்டிக்காரர், என்னோடு இந்தியில் பேசுவார், வார்டிலேயே நோயாளி முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஒரே ஆள். பரிசோதனைக்கு அனுப்புவதற்கு முன் பார்க்கிறீர்களா என்று ஒரு கண்ணாடி ஜாடியைக் காட்டினார். வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளையாக, வழவழப்பாக, மடிந்து கிடக்கும் ஒரு தோல். கூடவே சின்னச் சின்னக் கொப்புளங்கள், உள்ளே தெளிந்த தண்ணீர். பெரிய கட்டிக்குள் வளரும் குட்டிகள், இவற்றை மகள் கட்டி என்போம் என்றார் டாக்டரம்மா.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஜாடி மாறிவிட்டது என்று நினைத்தேன். இது என்னுடையது இல்லை, இது ஆட்டு ஈரலில் இருப்பது, யாரை ஏமாற்றுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். இதற்கு முன்னால் இதைப் பார்த்திருக்கிறீர்களா என்றார். தினமும் பார்க்கிறேன், ஆயிரக்கணக்கில் என் கையால் வெட்டி எடுத்திருக்கிறேன், ஒன்றைக்கூட வாடிக்கைக்காரருக்கு விற்றதில்லை என்றேன். அந்த நிலைமையிலும் அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

"வெட்டி எடுத்ததை என்ன செய்வீங்க?" என்று இந்தியில் கேட்டார்.

நாய்க்கு என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை.

அவர் கேஸ் பேப்பரின் பின்பக்கத்தில் ஒரு ஆடும் ஒரு நாயும் வரைந்தார். ஆட்டு ஈரலில் இருக்கும் கொப்புளத்துக்குள் புழு விதை. அதை நாய் பச்சையாகத் தின்றால் நாயின் குடலில் புழுவாக வளர்கிறது, நாய்க்கு ஒன்றும் செய்யாது. புழு போடும் முட்டை மலத்தோடு வெளியே வருகிறது, ஆடு மேயும் புல்லில் கிடக்கிறது, ஆட்டுக்குள் போய்த் திரும்பவும் கொப்புளமாகிறது. இந்த வட்டத்தில் மனிதனுக்கு இடமே இல்லை, நாயைத் தொட்ட கையை வாயில் வைத்து அவன் தானாக வந்து மாட்டிக்கொள்கிறான். கொப்புளத்தோடு ஈரலைச் சமைத்துத் தின்கிறவர்களுக்கு இந்த நோய் வராதா என்று கேட்டேன். வராது என்றார். அப்படியென்றால் முப்பது வருஷம் நான் விற்காமல் காப்பாற்றிய யாருக்கும் எந்த ஆபத்தும் இருந்ததில்லை. அத்தனையையும் அள்ளி என் பிள்ளையின் மடியில் படுக்கிற வாயில் போட்டிருக்கிறேன்.

அன்றைக்கு என் கோபம் வீடு மாறியது. வேறு யாரையும் திட்ட வாய் வரவில்லை. நர்ஸே வந்து ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

தையல் பிரித்த வாரமே சுபாவையும் பேச்சியம்மாவையும் அதே கிங்ஸ் சர்க்கிள் ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப் போனேன். வெளியே இரும்பு நாற்காலிகள். நான் ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி உட்கார்ந்தேன். பேச்சியம்மா முதலில் போய் வந்தாள், ஒன்றுமில்லை. பிறகு சுபா. கதவு சாத்தியிருந்தது. உள்ளே என்னை ஸ்கேன் எடுத்த அதே ஆள் பேசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, எந்த ஸ்கூல், என்ன பாடம் பிடிக்கும் என்று. பேசு, நிறுத்தாதே, பேசிக்கொண்டே இரு என்று மனசுக்குள் அவனைக் கெஞ்சினேன். பேச்சு நின்றது.

மூன்று சென்டிமீட்டர், ஈரலில், ஒன்றே ஒன்று. சின்னது, ஓரத்தில் இருக்கிறது, கத்தி வேண்டியிருக்காது, மாத்திரையிலேயே சுருங்க வாய்ப்பு அதிகம் என்று பிறகு டாக்டரம்மா சொன்னார். மாதக்கணக்கில் மாத்திரை, இடையிடையே ரத்தப் பரிசோதனை, திரும்பத் திரும்ப ஸ்கேன். பேச்சியம்மா ஸ்கேன் சென்டர் சுவரிலேயே சாய்ந்து அழுதாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது சுபா பேசினாள், பல வாரங்களுக்குப் பிறகு.

"சரோஜா ஆன்ட்டி நாய்ங்களாலயா எனக்கும்?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவள் நம்புவாள், நான்தானே அப்படிச் சொல்லிவைத்தேன்.

"இல்லம்மா. நம்ம மணிகிட்ட இருந்து. மணிக்கு வந்தது நான் போட்ட ஈரல்ல இருந்து. அப்பாதான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"அப்ப மணிய எதுக்குக் கொண்டுபோய் விட்டீங்க?"

பஸ் வந்தது, ஏறினோம்.

அன்று சாயங்காலமே மாடிப்படி ஏறினேன், ஒவ்வொரு படிக்கும் விலாவைப் பிடித்துக்கொண்டு. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. மணியைத் தேடணும் என்று மட்டும் சொன்னேன். சரோஜா அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள், உட்காரச் சொல்லவில்லை. கணேசனிடம் இடத்தைக் கேட்டு, வடாலாவில் நாய்களுக்குச் சோறு வைக்கிற பெண்களிடம் அவள் முன்பே சொல்லிவைத்திருந்தாளாம். போனில் படம் காட்டினாள். மணி மெலிந்திருந்தது, கழுத்தில் சுபாவின் ரிப்பன் இருந்தது.

"நாய வெரட்டுனா நோயி போயிரும்னு நெனச்சியா? நீ அத அடுத்தவன் வீட்டுக்குல்லா அனுப்பியிருக்க."

மறுநாள் கணேசனின் டெம்போவில் போனோம். நான், சுபா, சரோஜா அக்கா. தூணுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வீட்டு வாசலில் மணி படுத்திருந்தது. நாலு வயசுப் பெண்குழந்தை ஒன்று அதன் வாய்க்குள் கையை விட்டுப் பல்லை எண்ணிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தையின் தகப்பனைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் இந்தியில் சொன்னேன். நோய் என்ன, எப்படி வரும், யார் இந்த நாயை இங்கே விட்டது, குழந்தைக்கு எங்கே காட்ட வேண்டும் என்று ஒன்று விடாமல். அவர் என் அம்மாவைத் தொடங்கி என் குலம் வரைக்கும் திட்டினார், சட்டையைப் பிடித்தார், தழும்பு இழுத்தது. நான் கையைக்கூட உயர்த்தவில்லை. சுபா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

மணியை நேராகச் செம்பூரில் சரோஜா அக்காவுக்குத் தெரிந்த கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் எடைபோட்டு மாத்திரை கொடுத்தார். மாத்திரை புழுவைத்தான் கொல்லும், முட்டையைக் கொல்லாது, அதனால் அடுத்த சில நாள் மலத்தைக் கையுறை போட்டு எடுத்து எரித்துவிடுங்கள், தரையில் ஃபினாயில் ஊற்றிப் பிரயோஜனமில்லை, கொதிக்கிற தண்ணீர் ஊற்றுங்கள் என்றார். கறிக்கடை நாய்க்கு மூன்று மாதமெல்லாம் போதாது, ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை என்றார். பச்சைக் கறி, பச்சை ஈரல், நுரையீரல் இனி அதன் வாயில் படக்கூடாது, போடுவதானால் அரைமணி நேரத்துக்கு மேல் கொதித்திருக்க வேண்டும். நாயைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவாமல் கை வாய்க்குப் போகக்கூடாது. இவ்வளவுதான். இதைச் சொல்ல என் பக்கத்தில் முப்பது வருஷம் ஒரு ஆள் இல்லை, இருந்த ஒரு ஆளையும் நான் சந்து நடுவில் வைத்துத் திட்டினேன்.

இப்போது மணி மாடியில், சரோஜா அக்கா வாசலில் கட்டிக் கிடக்கிறது. அவளுடைய நோட்டில் பன்னிரண்டாவது பெயராக ஏறிவிட்டது. அவள் என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

நான் கடைக்குத் திரும்பிவிட்டேன். ஆட்டைத் தூக்குவது கணேசன், வெட்டுவது நான். கட்டைக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு தகர டப்பா வைத்திருக்கிறேன். கொப்புளமெல்லாம் அதில்தான் விழும். கடை முடிந்ததும் அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைத்து, பிறகுதான் குப்பைக்குப் போகும்.

சுபா காலையில் நெய்ச்சோற்றோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, யூனிஃபார்மோடு கடைக்கு வருகிறாள். கட்டைக்கு அந்தப் பக்கம், மணி உட்கார்ந்திருந்த அதே இடத்தில் நின்று என் கையையே பார்க்கிறாள். கொப்புளம் டப்பாவில் விழுந்து நான் மூடியைப் போட்ட பிறகுதான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். ஸ்கூல் இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் வருகிறாள்.